நடந்து போகிறவருக்கு அடி எவ்வளவு?

(நமது சங்கத்தின் தில்லி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எனக்கு உபன்யாசம் பண்ணத் தெரியாதே" என்றேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கோ" என்றார். நான் 1969-ல் திருச்சியில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். பிறகு முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். ஃபைலும் நோட்டுமாகவே காலம் போய்விட்டது. படித்த பௌதிகம் எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குப் பிரயோஜனப்பட்டது. அது எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2022 டிசம்பர், மார்கழி மாதம். காலை ஆறரை மணி. தில்லியில் அந்த வேளைக்குப் பொழுது விடிந்திருக்காது, பனிமூட்டம் வேறு. கோவிலில் திருப்பாவை சேவித்துவிட்டு, பொங்கல் பிரசாதத்தோடு நானும் என் ஆத்துக்காரியும் திரும்பிக் கொண்டிருந்தோம். சாலையை நான் முதலில் கடந்துவிட்டேன். அவள் ஏழெட்டு அடி பின்னால் வந்தாள். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் அவள் மேல் மோதியது. ஓட்டி வந்த பையன் நல்லவன், ஓடிப்போகவில்லை. இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வந்திருக்க மாட்டான். ஆனாலும் அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது அவளுக்கு வயது 70.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் ஒரு கல்லூரி மாணவி. அவளை மோதியது கார். வேகமும் நாற்பதுக்கு மேல் என்றார்கள். கால் எலும்பு முறிந்து, கம்பி வைத்து, ஆறாம் நாள் ஊன்றுகோலோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். என் மனைவிக்கு இரண்டு ஆபரேஷன், மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாசம். வேகமான காரில் அடிபட்ட குழந்தை நடந்து போகிறாள், மெதுவான மோட்டார் சைக்கிளில் அடிபட்ட இவள் படுத்திருக்கிறாள். "எல்லாம் கர்மா" என்று உறவினர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கர்மா எந்த வழியாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது. அன்று முதல் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் விஷயத்தின் அளவைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ம் வருஷம் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர் என்று ஆகிறது. தில்லியில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். சாலையில் இறப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர் பாதசாரிகள்.

வேகம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் படித்த சூத்திரம்தான். ஓடும் பொருளின் சக்தி, எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. இதை வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். 30 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 50 கி.மீ. என்றால் சுமார் பத்து மீட்டர், மூன்றாம் மாடி. 60 கி.மீ. என்றால் பதினாலு மீட்டர், நாலாம் மாடிக்கும் மேல். டிரைவருக்கு ஐம்பதும் அறுபதும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடிபடுகிறவருக்கு அது ஒரு மாடிக்கு மேல் வித்தியாசம்.

பிரேக் கணக்கையும் பார்ப்போம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயர், உலர்ந்த சாலை. 30-ல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே போடவில்லை. முழு வேகத்தில் மோதுகிறது. இன்னொரு கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 50-ல் வரும் கார் ஒரு ஆளுக்கு ஒரு அங்குலம் முன்னால் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் அதே நேரத்தில் பிரேக் போட்ட 60 கி.மீ. கார் என்ன வேகத்தில் மோதும்? "பத்து" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விடை 33 கி.மீ. நம்பாதவர்கள் பேரனிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு சாலையின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிர்ச்சேதம் உண்டாகும் விபத்து அபாயம் நாலு சதவீதம் கூடுகிறது.

எடையும் வண்டியின் முகமும்

வண்டி கனமாக இருந்தால் அடியும் அதே விகிதத்தில் கூடும் என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 55 கிலோ மனிதரை 1,200 கிலோ கார் மோதினால், அவர் உடம்பு காரின் வேகத்தில் 95 சதவீதத்தை அந்தக் கணத்திலேயே வாங்கிக்கொள்கிறது. பன்னிரண்டு டன் பஸ் என்றால் 99 சதவீதம். வித்தியாசம் நாலு சதவீதம்தான். என் மனைவியை மோதிய மோட்டார் சைக்கிளைக் கணக்குப் போட்டேன். வண்டி 120 கிலோ, பையன் 60, பால் 80. ஆக 260 கிலோ. அவள் உடம்புக்கு வண்டியின் வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வந்திருக்கும். "டூ வீலர்தானே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எடை முழுக் கொடுமையைக் காட்டுவது சக்கரம் மேலே ஏறும்போது. ரேடியம் கண்டுபிடித்த பியேர் கியூரியைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். 1903-ல் நோபல் பரிசு பெற்ற அந்த மேதை, 1906 ஏப்ரல் 19-ம் தேதி பாரிஸில் மழையில் சாலையைக் கடக்கும்போது பாரம் ஏற்றிய குதிரை வண்டியில் அடிபட்டுக் கீழே விழுந்தார். வண்டியின் பின் சக்கரம் தலைமேல் ஏறியது. வயது 46. குதிரை வண்டியின் வேகம் என்ன பெரிய வேகம்! அங்கே கொன்றது எடை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் மிக அருகில், முக்கியமாக அவை திரும்பும் இடத்தில், நிற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது வண்டியின் முகம். தாழ்ந்த மூக்குள்ள சாதாரண கார் மோதினால் பம்பர் முழங்காலுக்குக் கீழே படும். ஆள் பானெட் மேல் சாய்வார். தலை பானெட்டிலோ கண்ணாடியிலோ படும். கால் முறியும், தலைக்கும் ஆபத்து உண்டு. ஆனாலும் உடம்பு உருண்டு போவதால் அடி கொஞ்சம் பங்கு போடப்படுகிறது. பக்கத்துப் படுக்கை மாணவிக்கு நடந்தது இதுதான். உயரமான முகம் கொண்ட பெரிய வண்டி நேரே இடுப்பிலும் மார்பிலும் தாக்குகிறது. ஆள் மேலே ஏறாமல் முன்னால் தள்ளப்பட்டுச் சக்கரத்தின் பாதையில் விழுகிறார். குழந்தைகளுக்கோ அந்த உயரத்தில் தலை இருக்கிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காகக் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் ஆய்வு நிறுவனம், சுமார் 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு முடிவை வெளியிட்டது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிவாக இறங்கும் வண்டிகளைவிட, பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்.

மோதும் இடம் எவ்வளவு அமுங்கிக் கொடுக்கிறது என்பதும் முக்கியம். விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வரும் தலை ஒரு சென்டிமீட்டரில் நின்றால், புவியீர்ப்பைப்போல் ஐந்நூறு மடங்கு அதிர்ச்சி. பத்து சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் ஐம்பது மடங்குதான். அதனால்தான் பானெட்டுக்கும் அடியிலுள்ள என்ஜினுக்கும் நடுவில் இடைவெளி விடுகிறார்கள். நம் தேசத்திலும் புது மாடல் கார்களுக்குப் பாதசாரி பாதுகாப்பு விதிகள் 2018 அக்டோபர் முதல் அமலுக்கு வந்தன. இவ்வளவு பாடுபட்டு மெத்தென்று செய்த முகத்தில் நாம் என்ன செய்கிறோம்? கடையில் போய் இரும்புக் குழாய் கார்டு மாட்டிக்கொள்கிறோம்! 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைச் சட்ட விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இந்த ஹாலுக்கு வெளியே நிற்கும் வண்டிகளில் இரண்டில் அதைப் பார்த்தேன். யாருடையது என்று கேட்கப் போவதில்லை. தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

தரையும் வயதும்

பாதசாரிக்கு இரண்டு அடி. முதலாவது வண்டியிடமிருந்து, இரண்டாவது தரையிடமிருந்து. நின்ற நிலையிலிருந்து சும்மா சாய்ந்து விழுந்தால்கூட, ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள தலை தரையைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய மணிக்கு 20 கி.மீ. இளையவர்கள் கையை ஊன்றிக்கொள்வார்கள். நமக்குக் கை ஊன்றும் முன் இடுப்பு போய்விடுகிறது.

வயது எவ்வளவு வித்தியாசம் செய்கிறது? அமெரிக்க மோட்டார் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கார் மோதிய பாதசாரி இறக்கும் அபாயம் 37 கி.மீ. வேகத்தில் பத்து சதவீதம், 51 கி.மீ.யில் இருபத்தைந்து, 68 கி.மீ.யில் ஐம்பது. இது சராசரி. 40 கி.மீ.யில் அடிபடும் 70 வயதுக்காரருக்கு உள்ள அபாயம், 56 கி.மீ.யில் அடிபடும் 30 வயதுக்காரருக்கு உள்ளதற்குச் சமம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதாவது நமக்கு ஒவ்வொரு வண்டியும் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் கூடுதலாக வருகிற மாதிரி. இதைப் படித்த அன்றுதான் பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் ரகசியம் எனக்கு விளங்கியது.

காரணம் எலும்பு மட்டும் இல்லை. வயதாக ஆக மூளை சிறிது சுருங்குகிறது. அதற்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவிலுள்ள சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. ஒரு குலுக்கலில் அறுந்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு எளிதில் நிற்காது. என் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் அந்த மாத்திரை உண்டு. "தலையில் அடி ஒன்றும் இல்லை" என்று அவளே சொன்னாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், பதினெட்டாம் நாள் என்னைப் பார்த்துத் தன் அண்ணா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஸ்கேன் எடுத்தால் மூளைக்கு வெளியே ரத்தம் கட்டி நின்றது. மண்டையில் சிறு துளை போட்டு எடுத்தார்கள். பிழைத்தாள். வயதானவர் விழுந்து ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மறதி, தூக்கம், தள்ளாட்டம், தலைவலி வந்தால், "வயசாயிடுத்து" என்று விட்டுவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இருட்டும் சாலையும்

அன்று அவள் போர்த்தியிருந்தது கறுப்புச் சால்வை. நம்மை வண்டி விளக்கு நன்றாகக் காட்டும் என்று நாம் நினைக்கிறோம். நம் கண்ணுக்கு விளக்கு தெரிகிறது. அவன் கண்ணுக்கு நாம் தெரியவில்லை. கறுப்பு கம்பளி, விழுந்த வெளிச்சத்தில் மிகக் கொஞ்சத்தையே திருப்பி அனுப்புகிறது. தாமதமாகப் பார்த்தால் தாமதமாக பிரேக். தாமதமாக பிரேக் போட்டால் மோதும் வேகம் அதிகம். இருட்டு விபத்தை உண்டாக்குவதோடு, அடியையும் பலமாக்குகிறது என்பது இதனால்தான்.

சாலையும் அப்படியே. சாலை கடக்கும் சிக்னல்களில் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கு வைப்பது வழக்கம். நம்மில் பலர் 0.8 மீட்டர்தான் நடக்கிறோம். 14 மீட்டர் சாலையைக் கடக்க அந்தக் கணக்குப்படி 12 விநாடி போதும். நமக்கு பதினேழரை ஆகிறது. மீதி ஐந்தரை விநாடி நாம் நிற்பது பச்சை விழுந்த வண்டிகளுக்கு நடுவில். மேம்பாலம் கட்டி ஐம்பது படி வைத்துவிட்டு, "ஏன் ஏறவில்லை?" என்று முழங்கால் வலிக்காரரைக் கேட்பதும் நியாயம் இல்லை.

தில்லியில் 2021 ஜூன் மாதம் குடியிருப்பு, மார்க்கெட் பகுதிகளுக்கு 30 கி.மீ. உச்ச வேகம் என்று அறிவித்தார்கள். 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடும் ஜனங்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களுக்கு அதே 30-ஐத்தான் சொன்னது. ஏன் முப்பது என்பது மேலே சொன்ன கணக்குகளில் உங்களுக்கே புரியும். போர்டு மட்டும் வேகத்தைக் குறைக்காது. மேடும், குறுகலும், கண்காணிப்பும் வேண்டும்.

இந்த விஷயத்தில் நாம் பெருமைப்படக்கூடிய ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பலனாக 2014-ல் நீதிமன்றம் ஒரு கண்காணிப்புக் கமிட்டியையே அமைத்தது. அதே வழக்கில் 2025-ல், நடக்கத் தகுந்த நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நடைபாதையில் காரை நிறுத்துவது யார்? என் காரும் பத்து வருஷம் நடைபாதையில்தான் நின்றது. எத்தனை பேரைச் சாலையில் இறங்கி நடக்க வைத்தேனோ தெரியாது. இப்போது விற்றுவிட்டேன்.

அடிபட்ட பிறகு

அன்று ஒரு பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். போலீஸ், கோர்ட் என்ற பயம். ஒரு ஆட்டோக்காரர்தான் இறங்கி வந்தார், காசும் வாங்கவில்லை. அந்தப் பயம் இனி வேண்டாம். உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் எல்லோரையும் கட்டுப்படுத்துவதாக ஆக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக அது சேர்ந்துவிட்டது. உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2025 மே மாதம் முதல், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஏழு நாள் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அவசர எண் 112.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். பதற்றத்தில் இரண்டு பேராக அவளைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினோம். கழுத்து, முதுகெலும்பு முறிந்திருந்தால் அதனாலேயே பக்கவாதம் வந்திருக்கலாம். மூச்சு சீராக இருந்து, அந்த இடத்தில் வேறு ஆபத்தும் இல்லை என்றால், கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதே நல்லது. வழிகிற ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

விடியுமுன் கிளம்ப வேண்டாம். கிளம்பினால் வெளிர் நிறத் துணி, ஒளி திருப்பும் பட்டை, கையில் சிறு டார்ச். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடவுங்கள். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் கடக்காதீர்கள். சிக்னலில் பாதி பச்சை போனபிறகு இறங்காதீர்கள். அடுத்த பச்சைக்கு நில்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கார் ஓட்டும் பிள்ளைகளிடம் அந்த 50, 60 கணக்கைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இதுவரை நான் வேகம், எடை, எலும்பு, சால்வை எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்று அவள் ஏன் அவசரமாகச் சாலையில் இறங்கினாள்? நான் எதிர்ப்புறம் போய் நின்றுகொண்டு, "சீக்கிரம் வாயேன்" என்று குரல் கொடுத்தேன். ஐம்பது வருஷமாக நான் முன்னால், அவள் பின்னால். நம் தலைமுறை ஆண்களுக்கு அதுவே பழக்கம். எந்த ஆய்வு அறிக்கையிலும் இந்தக் காரணம் எழுதியிருக்காது. இதை அவளிடம் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. "நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்லை" என்றாள். அது நிஜமா, என் மனசுக்காகச் சொன்னாளா, தெரியாது.

இரண்டாவது வரிசையில் வாக்கரோடு உட்கார்ந்திருக்கிறாள். இப்போதெல்லாம் சாலையைச் சேர்ந்துதான் கடக்கிறோம், அவள் வேகத்துக்கு. இங்கிருந்து வீட்டுக்குப் போகும்போது நீங்களும் அப்படியே போங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.